சாக்ஸ் போட்ட மூன்று பாட்டில்கள்

ஒயின் குடித்துவிட்டு மார்க் போடுகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. குடிப்பது நாக்குதான், மார்க் போடுவது எது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே நீங்களும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

புதுச்சேரியில் அந்துவான் என்றொரு கணக்கு வாத்தியார். வீட்டிலேயே இனிப்பாகத் திராட்சை ஒயின் போடுவார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கலாமா என்று மனிதருக்கு ஒரே தவிப்பு.

"ஓசியில குடிக்கிறவங்க பாராட்டத்தான் செய்வாங்க. அதை நம்பி வேலையை விட்டா நடுத்தெருவுலதான் நிக்கணும்," என்றாள் மனைவி மதலேன்.

மாதாமாதம் அவர் வீட்டில் மூன்று நண்பர்கள் கூடி ஒயின் ருசி பார்ப்பார்கள். லேபிள் தெரியாதபடி பாட்டில்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டி, இருபதுக்கு மார்க் போடுவது வழக்கம். இந்த முறை, "மூணுல ஒண்ணு நான் போட்டது," என்றார் அந்துவான். பச்சைப் பொய்! முதலாவதும் மூன்றாவதும் அவருடைய ஒரே ஒயின். நடுவில் இருந்தது மட்டும் கடைச்சரக்கு.

மதலேன் ஊற்றிக் கொடுத்தாள். சபாபதி ஒவ்வொரு கிளாஸையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், மார்க் எழுதினார், அப்புறம் குடித்தார். முதலாவதுக்குப் பதினெட்டு, இரண்டாவதுக்குப் பதினொன்று, மூன்றாவதுக்கு மறுபடியும் பதினெட்டு. "தைரியமா இறங்குங்க வாத்தியாரே, நான் இருக்கேன்!" என்றார்.

பல் டாக்டர் குணவதி முதலாவதைக் குடித்து முகம் சுளித்து ஒன்பது போட்டார். இரண்டாவதுக்குப் பதினான்கு. பிறகு மதலேனின் காரமான இறால் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, மூன்றாவதுக்குப் பதின்மூன்று போட்டார்.

தெரேசநாதன் எல்லாவற்றுக்கும் பதினான்கு. "எல்லாமே நல்லாத்தான் இருக்கு. நமக்கெதுக்கு வம்பு?"

நண்பர்கள் போனதும் அந்துவானுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மதலேன்! ஒரே ஒயினுக்கு ரெண்டு தடவையும் ஒரே மார்க். நாக்குன்னா சபாபதி நாக்கு! அந்த டாக்டரம்மா என்னடான்னா ஒன்பதுங்கறாங்க, பதிமூணுங்கறாங்க." அவள் கிளாஸ்களைக் கழுவினாள். சபாபதி குடித்த மூன்றில் இரண்டின் அடியில் மண்டி தங்கியிருந்தது, ஒன்றில் இல்லை.

ஐயா, அம்மா, ஒரு குடும்பத்தின் சோறு இந்த மார்க்கில் இருக்கிறது. மூவரில் யார் போட்டதை அந்துவான் நம்ப வேண்டும்?

விடை: குணவதியின் ஒன்பதை. வீட்டு ஒயினில் மண்டி நிற்கும், கடைச்சரக்கில் நிற்காது. சபாபதி குடிப்பதற்கு முன்பே எழுதினார் என்றால், மார்க் போட்டது மண்டியைப் பார்த்து வாத்தியார் ஒயினைக் கண்டுகொண்ட அவர் கண். தெரேசநாதன் போட்டது மார்க்கே இல்லை, மரியாதை. குணவதியின் மார்க் மாறியதற்குக் காரணம் இறால். காரத்துக்குப் பின் எந்த இனிப்பும் இதமாகத்தான் இருக்கும். சுத்தமான நாக்கு சொன்னது ஒன்பதுதான். மதலேன் இதையெல்லாம் சொன்னபோது அந்துவானுக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை, சாக்ஸை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.