ராஜாவுக்கு யானை வந்திருக்கிறது

மகுடசேன மகாராஜாவுக்குச் சதுரங்கப் பித்து. சதுரங்கம் ஆடும் பெண்களின் தரவரிசையை ஒரு பெரிய பலகையில் எழுதி அரண்மனையில் மாட்டியிருந்தார். முதல் பெயர் சௌந்தரவல்லி. அடுத்தது நம் தையல்நாயகி. ஏழு வருஷமாக அடுத்ததுதான்! முதலாமவளுக்குச் சபையில் ஆசனம். இரண்டாமவள் நிற்கலாம். நின்று நின்று தையலுக்குக் கால் கடுத்துவிட்டது.

சௌந்தரவல்லி ஆட்டத்தில் புலிதான். ஆனால் யாராவது காயைத் தப்பாக நகர்த்தினால் அவளுக்குப் பொறுக்காது. எதிராளியையே திருத்திவிடுவாள்.

இந்த வருஷம் போட்டியன்று காலையில் அவள் ராஜாவின் காதைக் கடித்தாள்.

"மகாராஜா, ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் தங்கள் முன்னாலேயே 'ராஜா மாட்டினார், ராஜா தொலைந்தார்' என்று கத்துகிறார்களே! அபசகுனம் இல்லையா?"

ராஜா பதறிப்போனார். "இனி அப்படிச் சொல்பவர் யாரானாலும் நாடு கடத்துவேன்!"

பழைய விதியோ, 'ராஜா தொலைந்தார்' என்று வாய்விட்டு அறிவித்தால்தான் வெற்றி செல்லும் என்றது. அறிவிக்காவிட்டால் முதலிடம் இருந்தபடியே இருக்கும்.

மத்தியானம் சௌந்தரவல்லியுடன் ஆடிய தையல் தன் யானையைக் கடைசி வரிசைக்கு ஓட்டினாள். மூலையில் இருந்த எதிரி ராஜாவின் கதை முடிந்தது. தையலுக்குக் குதிக்கத் தோன்றியது. ஆனால் எப்படிச் சொல்வது?

"சொல்லேன், தையல்!" சௌந்தரவல்லி இனிக்க இனிக்கச் சிரித்தாள்.

தையல் பவ்யமாக எழுந்தாள். "ராஜாவை ஊர்வலம் அழைத்துப்போக யானை வந்திருக்கிறது. ராஜா முன்னால் ஒரு கட்டம் எழுந்தருள்வார். ஆட்டம் தொடரும்."

"தொடருமா?" சௌந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கே உன் குதிரை காவல் நிற்கிறது, கண் தெரியவில்லையா? பக்கத்தில் நகர்ந்தால் யானை! குறுக்கே என் சிப்பாயே அடைத்து நிற்கிறான்! ராஜா எங்கே போவார்? ராஜா தொலைந்தார்!"

சௌந்தரவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகாராஜா, வெற்றியை அறிவித்தாயிற்று," என்றாள் தையல். "யார் அறிவிக்க வேண்டும் என்று விதியில் இல்லையே!"

"ஆசனம் உனக்கே!" என்றார் ராஜா. "சௌந்தரவல்லி, நீ மூட்டை கட்டு."

"ஐயோ, அக்காவை மன்னித்துவிடுங்கள், மகாராஜா!"

"உனக்கு ஏன் இவ்வளவு கருணை?"

"கருணையா? அக்கா போய்விட்டால், அடுத்த வருஷம் நான் ஜெயித்ததை யார் சொல்வது?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். தட்டியதில் முழங்கால் பட்டுச் சதுரங்கப் பலகை ஆடியது, காய்கள் சரிந்தன. முதலில் விழுந்தது ராஜாதான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.