பெனாசிர் நீட்டிய பத்து விரல்கள்

“ஒட்ட மாட்டேங்குதும்மா,” என்றார் இந்திராணி டீச்சர்.

செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மதுரையில் மாடி ஏறிப் போகிற சின்னக் கடை அது. நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடுவதில் பெனாசிரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். வயது இருபத்தேழு. அதிகம் பேச மாட்டாள்.

டீச்சருக்கு ஐம்பத்தொன்பது. திண்டுக்கல்லில் முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போன வருடம் ஒரு நகக் கடை திறந்திருந்தார்.

“எது ஒட்டலை, டீச்சர்?”

“ஜெல் பாலிஷ்தான். போட்டு மூணாம் நாள் ஓரத்துல தூக்குது. நாலாம் நாள் அப்படியே ஓடு மாதிரி கழண்டு வந்துடுது.”

பெனாசிர் தலையாட்டினாள்.

“போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணு. ரிசப்ஷன்ல மாப்பிள்ளைக்கு ஜாமூன் ஊட்டியிருக்கா. கட்டைவிரல்ல இருந்த சிவப்பு ஓடு ஜாமூனோட உள்ள போயிடுச்சு.”

“ஐயோ.”

“அவர் முந்திரின்னு நினைச்சு மென்னுட்டாராம்.”

பெனாசிர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“சிரிங்க, பரவால்ல. திண்டுக்கல்லே சிரிச்சு முடிச்சிடுச்சு.” டீச்சரின் குரல் இறங்கியது. “என் மக நிவேதாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். நகத்துக்கு வேற கடையில சொல்லி வச்சிருக்கா. எனக்குத் தெரியாம.”

பெனாசிரின் தோள் நின்றது.

“பாலிஷைக் காய வைக்கிற விளக்கு சரியில்லையோன்னு மூணு விளக்கு மாத்திட்டேன். பாலிஷ் கம்பெனியை மாத்திட்டேன். வர்றவங்ககிட்ட எல்லாம் பாத்திரம் கழுவாதீங்கன்னு சொல்லப்போய், நாலு வீட்டுப் புருஷன்மாருங்க என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நீங்கதான் சொல்லணும். தப்பு விளக்குலயா, பாலிஷ்லயா, எங்க ஊருத் தண்ணியிலயா?”

பெனாசிர் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

“எனக்குப் போட்டு விடுங்க.”

டீச்சர் போட்டார். நகத்தோரத் தோலை ஒதுக்கினார். பளபளப்பு போகத் தேய்த்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். கணக்கில் ஒரு படியைக்கூட விடாத கை.

கை வேலை செய்தாலும் வாய் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பற்றிச் சொன்னார். மண்டபம் பற்றிச் சொன்னார். நெற்றியில் விழுந்த முடியை இடது கையால் ஒதுக்கினார். துடைத்த நகத்தை அதே கையின் கட்டைவிரலால் செல்லமாக ஒரு தடவு தடவிவிட்டுப் பாலிஷைப் பூசினார்.

நடுவில் நிவேதா போனில் கூப்பிட்டாள். ஜாக்கெட் தைப்பவர் ஊரில் இல்லையாம்.

“என்னடி சொல்ற!”

இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பெனாசிரின் மோதிர விரலுக்குப் பாலிஷ் பூசினார் டீச்சர். போனை வைத்துவிட்டு மிச்ச விரல்களையும் முடித்தார்.

“எப்படிம்மா?”

“அழகா இருக்கு. நாலு நாள் கழிச்சு வாங்க.”

“அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“டீ சாப்பிடுறீங்களா?”

நாலாம் நாள் டீச்சர் வந்தார்.

பெனாசிர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்பது ஓடுகள்.

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “கடையை மூடிடுறேன்.”

பெனாசிர் இடது கையை நீட்டினாள். மோதிர விரல் மட்டும் பளபளவென்று இருந்தது. டீச்சர் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. இழுத்துப் பார்த்தார்.

“வலிக்குது, டீச்சர்.”

“இது மட்டும் எப்படி?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். இதுக்கு மட்டும் என்ன செஞ்சீங்க?”

டீச்சர் கண்ணை மூடி யோசித்தார்.

“அதே விளக்கு. அதே பாலிஷ். அதே ஸ்பிரிட்டு. இந்த விரலுக்கு வந்தப்பதான் நிவேதா கூப்பிட்டா. ஒரு கையில போனு. அதனால இதுக்கு நான் ஒண்ணுமே...”

நிறுத்தினார்.

“ஒண்ணுமே செய்யலையேம்மா.”



டீச்சர் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்.

“அடப் பாவமே.”

விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“சுத்தமாயிடுச்சான்னு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். பேப்பரையே ரெண்டு தடவை திருத்துறவ நான்.”

“சுத்தமாத்தான் இருந்துச்சு, டீச்சர்.”

ஊருக்குத் திரும்பிய அன்றே மகளிடம் கெஞ்சினார். நிவேதா சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.

“இதுல போடு. நின்னா மிச்சத்தைப் பேசலாம்.”

பத்து நாள் நின்றது. நிவேதா அந்தப் பத்து நாளும் வேண்டுமென்றே பாத்திரம் கழுவினாள். வாழ்க்கையில் முதல்முறையாக.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் கடைக்கு வந்து மற்ற ஒன்பது விரல்களையும் மேசைமேல் வைத்தாள்.

டீச்சர் துடைத்தார். பூசினார். பேசவில்லை.

நிவேதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

“என்னம்மா, இன்னும் கோபமா? என் கையைக்கூடப் பிடிக்க மாட்டேங்கிற?”

டீச்சர் தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

“ஆசையாத்தான்டி இருக்கு,” என்றார். “விளக்குல கையை வை.”