பழைய நகல்

பாளையங்கோட்டையில், கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்களை வெவ்வேறு வீடுகளில் மறைத்துக் காக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. அவர்களுடைய முகவரிகளை வேறு யாரும் படிக்க முடியாதபடி கணினியில் குறியாக்கம் செய்து வைத்திருந்தவர் தேவசகாயம். ஓய்வு வயதை நெருங்கியவர். அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த நிலோஃபர் அவரைவிட மிக இளையவள். ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அங்கிருந்த குறியாக்க முறை பழையது, எளிதில் உடையும். பாதுகாப்பு விதி ஒப்புக்கொண்ட முறையைத் தவிர வேறெதையும் தரவுத்தளம் ஏற்கவே கூடாது என்று நிலோஃபர் சொன்னாள். தேவசகாயம் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு முகவரியையும் புது முறைக்கு மாற்றினார். அதன்பின் பழைய முறையில் யார் எதை எழுத வந்தாலும் கணினி மறுத்தது. மேலதிகாரி அவசரம் என்று கெஞ்சியபோதும் அவர் விலக்குத் தரவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண்களில் ஒருத்தியான செண்பகவல்லியின் கணவன் அவள் இருந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனான். அவள் பிழைக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து தேவசகாயம் நேரே நிலோஃபரிடம் வந்தார்.

“ஒரு விதியையும் நான் தளர்த்தலையே டீச்சர். எந்த வழியா வந்தான்?”

அவள் தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். யாரோ இணையத்தில் போட்டிருந்த கோப்பு அது. புது விதி வருவதற்கு முன்பே திருடுபோன முகவரிப் பட்டியலின் நகல். போலீஸ்காரர்கள் அன்று காலையில்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாப் பெண்களும் அதில் இருந்தார்கள், பழைய முறையில்.

“இதுமேல உங்க விதியைப் போடுங்க அண்ணாச்சி.”

அவர் விசைப்பலகையில் கை வைத்தார். எதையும் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்போ நான் செஞ்சதெல்லாம்?”

“இனிமே வர்றவங்களுக்கு.”

“இதுல இருக்கறவங்களுக்கு?”

“வீடு மாறணும், இன்னைக்கே. நாமதான் போய்ச் சொல்லணும்.”

தேவசகாயம் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, அந்தப் பெண்கள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

“திறக்க மாட்டாங்க,” என்றாள் நிலோஃபர். “அதுக்காகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க. செண்பகவல்லியை அவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.”