நரி விற்ற பூவரச இலை

காட்டாற்றைக் கடக்க ஒரு மூங்கில் தெப்பம் இருந்தது. பெருமழைக்குப் பிறகு விலங்குகள் எல்லாம் கூடிக் கட்டியது அது. யானை மூங்கில் முறித்துப் போட்டது. குரங்குகள் கொடி முறுக்கின. முயல்களும் சும்மா இருக்கவில்லை. முடிச்சுகளில் நீட்டிக்கொண்டிருந்த கொடிகளைக் கடித்துச் சீர்செய்தன. எருமை தெப்பத்தை இழுக்கும். போகிறவர்கள் அதற்கு ஒரு வாய்ப் புல் கொண்டுவருவார்கள். வேறு கணக்கு வழக்கே கிடையாது.

துறையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே என்று நரியை நிறுத்தினார்கள். வினை அங்கேதான் வந்தது!

துறையில் ஒரு பூவரச மரம். நரி அதன் அடியில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. சில நாள் போனதும் வாயைத் திறந்தது.

"இனிமே இலை இல்லாம யாரும் தெப்பத்துல ஏறக் கூடாது! ஒரு பிடி இலந்தைப்பழம் குடுங்க, ஓர் இலை தர்றேன். கொடியெல்லாம் இத்துப்போச்சு. மாத்த வேண்டாமா?"

பூவரச இலையில் தன் பல்லைப் பதித்துக் கொடுத்தது நரி. பல் பதிந்த இலைதான் செல்லும். இலையைச் சோதிக்கக் காக்கைகளை வைத்தது. இலை இல்லாமல் பிடிபட்டால் ஒரு குவியல் பழம் அபராதம்.

பழம் நரியின் வயிற்றுக்கும் காக்கைகளின் வயிற்றுக்கும் போயிற்று. கொடியை யாரும் மாற்றவில்லை. ஒரு பிடி இரண்டு பிடியானது. எருமையின் புல்லோ குறைந்துகொண்டே வந்தது. பழம் பறித்தே களைத்துப்போகிறவர்களுக்குப் புல் பிடுங்க நேரம் ஏது?

மான் மட்டும் ஒரு நாளும் இலை வாங்காமல் ஏறியதில்லை. இலையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாயில் கவ்விக்கொண்டு நிற்கும். அதில் அதற்கு அப்படி ஒரு கௌரவம்!

மல்லி என்ற முயல்தான் மிகவும் தவித்தது. அதன் குட்டிகள் அக்கரையில் ஒரு புதருக்குள் இருந்தன. மேய்ச்சலோ இக்கரையில். இலைக்காக அரை நாள் இலந்தை முள்ளில் கிடந்தால் புல் மேய முடியாது. மேயாவிட்டால் பால் ஊறாது. குட்டிகள் நாளுக்கு நாள் மெலிந்தன.

"அணிலே, இன்னிக்கும் குட்டிங்களுக்குப் பால் பத்தல" என்று அழுதது மல்லி.

அணில் வாலை விசிறிக்கொண்டு யோசித்தது. "அக்கா, காக்கைங்க எல்லாரையுமா பிடிக்குது? நூறு பேர் ஏறினா நாலு பேர்தான் மாட்டுறாங்க. நாம யாருமே இலை வாங்க வேண்டாம். ஆளுக்கு ரெண்டு பழம் என் மரப்பொந்துல போடுவோம். யார் மாட்டினாலும் அபராதம் பொந்துலேர்ந்து!"

"திருட்டுத்தனமா ஏறச் சொல்றியா?"

"எதுக்குத் திருட்டுத்தனம்? நாம கட்டின தெப்பம்! நிமிந்து உக்காந்து போவோம்!"

மறுநாளே தொடங்கிற்று. எலி, கீரி, முள்ளம்பன்றி, முயல் எல்லாரும் தெப்பத்தின் முன்பக்கத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காக்கை வந்து "இலை எங்கே?" என்று கேட்டால், "இல்லை!" என்று கோரஸாகச் சொன்னார்கள். இருக்கிற காக்கைகளால் ஓரிருவரைத்தான் வளைத்துப் பிடிக்க முடியும்; அவர்களின் அபராதத்தைப் பொந்து கட்டும். "இல்லை!" என்று சொல்லும்போது மல்லியின் காது இரண்டும் நட்டுவைத்தது போல் நிமிர்ந்து நிற்கும். முள்ளுக்குப் போகிற வேலை போனதால் மேய்ச்சலும் கிடைத்தது, பாலும் ஊறியது.

நடுவில் ஒரு கூத்து. குரங்கு ஒன்று இலையும் வாங்கவில்லை, பொந்தில் பழமும் போடவில்லை. ஓசியிலும் ஓசியாகப் போய்வந்தது. ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டது.

"இதுக்கு ஒரு பழம்கூடக் குடுக்க மாட்டேன்! இத்தனை நாள் எங்க இருந்துச்சாம்?" என்று குதித்தது அணில்.

மல்லிதான் தடுத்தது. "குடுத்துடு. இன்னிக்கு இவனை விட்டா, நாளைக்கு நரி நம்மள ஒவ்வொருத்தரா பிரிச்சுடும்."

பொந்து அபராதம் கட்டியது. குரங்கு பல்லை இளித்தபடி போனது. மறுநாள் காலையில் ஒரு குலை நாவற்பழத்தைப் பொந்தில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. போட்டதை எல்லாரும் பார்க்க வேண்டுமே என்ற கவலை!

நரி அபராதத்தை ஏற்றிப் பார்த்தது. பொந்து அசரவில்லை. கடைசியில் நரி விஷமான ஒரு வழி கண்டுபிடித்தது. துறைக்குப் பக்கத்தில் முள்ளை அடைத்து ஒரு பட்டி கட்டியது.

"இனிமே அபராதப் பழம் வேண்டாம். மாட்டினவங்க விடியுற வரைக்கும் முள்பட்டியில கிடக்கணும்!"

அன்று மாலை முதலில் மாட்டியது மல்லி.

"நரியாரே, அக்கரையில குட்டிங்க பசியோட இருக்கும். ஒரு தரம் போய்ப் பால் குடுத்துட்டு நானே திரும்பி வந்துடறேன்."

"இலை இருக்கா?"

"இல்ல."

"அப்போ பட்டிக்கு நட!"

அணிலின் பொந்து நிறையப் பழம் இருந்தது. என்ன செய்ய? அதைக் கொட்டி ஒரு வேளைப் பாலை வாங்க முடியாதே. மல்லி பட்டியை நோக்கி நடந்தது. அப்போதும் அதன் காது தாழவில்லை.

அப்போது "கறுக், கறுக்" என்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மான் தன் வாயிலிருந்த இலையை மென்றுகொண்டிருந்தது!

விழுங்கிவிட்டு மான் முன்னால் வந்தது. "நரியாரே, இப்போ எங்கிட்டயும் இலை இல்ல. என்னையும் பட்டியில போடுங்க."

"நீங்க... நீங்க இலை வாங்கினீங்களே!"

"வாங்கினேன். தின்னுட்டேன்."

கறி தின்று வளர்ந்த நரிக்கு இது தோன்றவே இல்லை. தழை தின்கிறவர்கள் நிறைந்த காட்டில் தழையையே அடையாளமாகக் கொடுத்திருக்கிறது! தெப்பத்தில் இலை வைத்திருந்தவர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மானைப் பார்த்து அத்தனை பேரும் இலையை மென்றார்கள். மென்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, மல்லியின் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"என்கிட்டயும் இல்ல!"

"என்கிட்டயும் இல்ல!"

முள்பட்டியில் நாலு பேருக்குத்தான் இடம். காக்கைகள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் கத்தின.

"யாருக்கும் தெப்பம் கிடையாது! எருமை, நீ அசையாதே!" என்று ஊளையிட்டது நரி.

எருமை அசைந்தது. மெல்ல நடந்து பூவரச மரத்தடிக்குப் போயிற்று. நாளைக்கு விற்கவென்று பல் பதித்து நரி குவித்து வைத்திருந்த இலைகளில் வாயை வைத்தது.

"ஐயோ! அது என் இலை!"

"வயிறு காஞ்சுபோய் இழுத்தவன் நான்" என்றது எருமை, வாய் நிறைய மென்றபடி. குவியல் தீர்ந்ததும் கரகரத்த குரலில் கூப்பிட்டது. "மல்லி, முதல்ல நீ ஏறும்மா. குட்டிங்க காத்திருக்கும். எல்லாரும் ஏறுங்க!"

மான் கொம்பைத் தாழ்த்தி நின்று வழி ஏற்படுத்திக் கொடுத்தது. முள்ளம்பன்றி நரிக்கு நேரே போய் முள்ளைச் சிலிர்த்தது. தின்னப் பழம் வராத இடத்தில் நமக்கென்ன வேலை என்று காக்கைகள் பறந்துவிட்டன. நரி தனியாக எத்தனை பேரைத் தடுக்கும்? காட்டுக்குள் ஓடியது.

அடுத்த நாள் காட்டுக்கூட்டம் கூடியது. பொந்துப் பழத்தைக் கொடி முறுக்குகிற குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். எருமைக்குப் புல் கொண்டுவருவது முறைவைத்து எல்லார் பொறுப்பும் ஆயிற்று. முதல் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டது மான்தான்.

ஆனால் அதற்கு முன், நரி ஓடிய அன்று மாலை தெப்பம் அக்கரை சேர்ந்தபோது, இதெல்லாம் மல்லிக்குத் தெரியாது. அது ஒரே தாவலில் இறங்கிப் புதருக்குள் ஓடியது. குட்டிகள் மடியில் முட்டி மோதின.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றது ஒன்று.

"அம்மா தனியா வரல கண்ணு, காடே கூட வந்துச்சு" என்றது மல்லி.

எல்லாரும் சேர்ந்து உண்டாக்கியது எல்லாருக்கும் உரியது. அதை ஒருவன் விலை வைத்து விற்க வந்தால், தனித்தனியாகத் தப்பிப்பதைவிட ஒருவருக்காக எல்லாரும் சேர்ந்து நிற்பதே அதை மீட்டுத் தரும்.