அறுபத்தோராம் வரிசை

கம்பைலர் திட்டினா நாச்சிமுத்து அண்ணன் வாங்கிக்குவார். நான் ஒரு வார்த்தை சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். அப்படிப்பட்ட மனுஷன்.

எங்க தெருக்காரர், ஐம்பத்தெட்டு வயசு. நூல் மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுல சும்மா உக்காரப் பிடிக்காம புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டார். சொல்லிக்கொடுத்தது மெஹருன்னிசா டீச்சர். அவங்களுக்கு முப்பத்திரண்டு, அவரோட பொண்ணு வயசு. ஆனாலும் டீச்சர் உள்ள வந்தா இவர் நாற்காலியை விட்டு எந்திரிச்சு நிப்பார்.

நான் சாந்தாமணி. கோபிப் பக்கம் ஒரு வலி தணிப்பு மையத்துல ஆபீஸ் வேலை பாக்கறேன். கேன்சர் முத்திப்போயி, இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பின ஆளுங்களை எங்க நர்ஸுங்க வீடு தேடிப் போய்ப் பாப்பாங்க. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பேர். ஒரே எக்ஸெல் கோப்பு, ஆளுக்கு ஒரு வரிசை.

அந்தக் கோப்பை உண்டாக்கினது எங்க மூத்த நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டர். போன தை மாசம் நெஞ்சு வலி வந்து அவங்களே தவறிட்டாங்க. இருபது வருசம் மத்தவங்க சாவுக்குப் பக்கத்துல உக்காந்தவங்க. அவங்க போறப்ப பக்கத்துல யாரும் இல்லை.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். கட்டத்துக்குள்ள எழுத முடியாததை எல்லாம் குறிப்பா ஒட்டி வெப்பாங்க. கட்டத்தோட மூலையில சின்னதா ஒரு செவப்பு முக்கோணம் தெரியும். மவுஸை அதுக்கு மேல கொண்டுபோனா எழுத்து வரும். "இந்தம்மாவுக்கு நோவு என்னன்னு வீட்டுல சொல்லலை. உளறி வெக்காதே." "வலி இல்லேம்பார். நம்பாதே, தலையணையைக் கடிச்சிருக்காரான்னு பாரு." "நாய் இருக்கு, கொல்லைப் பக்கமாப் போ." இப்படி வரிசைக்கு ஒண்ணு, ரெண்டு.

வாரா வாரம் நாலு நர்ஸும் நாலு கோப்பு அனுப்புவாங்க. யாரை என்னிக்குப் பாத்தாங்கங்கிற தேதியைப் பெரிய கோப்புல ஏத்தணும். எனக்கு முழுசா ஒரு நாள் பிடிக்கும், கழுத்தும் பிடிச்சுக்கும். நான் புலம்பறதைக் கேட்டுட்டு அண்ணன்தான் சொன்னார், "இதுக்கு நான் ஒரு புரோகிராம் போட்டுத் தாரேன் சாந்தாமணி."

மூணு மாசம் மல்லுக்கட்டினார். அவர் எழுதின மொழி கறாரானது. எழுதினதைச் சரி பாத்து ஓட வெக்கற கம்பைலர் லேசுல விடாது. தேதி இருக்க வேண்டிய இடத்துல எழுத்து இருந்தா என்ன பண்ணுவே? கட்டம் காலியா இருந்தா என்ன பண்ணுவே? ஒவ்வொண்ணாக் கேக்கும், பதில் சொல்லாம நகர விடாது. அண்ணனும் சளைக்காம ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதினார்.

முடிச்சு ஓட்டிக் காட்டினார். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. நானே உக்காந்து சரி பாத்தேன். பேரு, வயசு, ஊரு, போன் நம்பர், தேதி, இருநூத்திப் பன்னெண்டும் சரி.

"பழைய கோப்பைத் தனியா வெச்சுக்கட்டுங்களா?"ன்னு அண்ணன் கேட்டார்.

"அட, நாலு காப்பியை வெச்சுக்கிட்டு நான் எதைத் தொறக்கறது? அதே பேருல அது மேலயே போட்டு விடுங்க." சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

மூணு வாரம் ஓடுச்சு. யாருக்கும் எதுவும் தெரியலை, தேதியை மட்டும் பாத்த எனக்கும்தான். சிஸ்டர் இடத்துக்கு வந்த பொண்ணு புதுசு, செவப்பு மூலை கதை அதுக்கு எங்க தெரியும்?

செவ்வாக்கிழமை எங்க பட்டியல்ல இருந்த மயில்சாமி ஐயா தவறிட்டார். நான் துக்கம் விசாரிக்கப் போனேன். பக்கத்து வீட்டம்மா என்னை ஒதுக்கமாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டாங்க.

"ஏனுங், பெத்த பொண்ணுக்கு நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லலீங்களா?"

"பொண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குதுங். வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிப் பன்னெண்டு வருசமாச்சு. இவரு பேரையே எடுக்க விடமாட்டாரு. ஆனா கடைசி ரெண்டு நாளா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. இங்க யாருகிட்டயும் நம்பரு இல்லீங்."

 அந்த வரிசையில சிஸ்டர் என்னவோ நீளமா எழுதி வெச்சது ஞாபகம் இருந்துது, என்னன்னு மட்டும் ஞாபகம் வரலை. ஆபீசுக்கு ஓடியாந்து கோப்பைத் தொறந்தேன். அறுபத்தோராம் வரிசை. மூலையில செவப்பு இல்லை. மேல போனேன், கீழ போனேன். ஒரு வரிசையிலயும் இல்லை.

போன் பண்ணினதும் அண்ணன் வந்தார். கூடவே டீச்சரும் வந்தாங்க.

"நான் குறிப்பைத் தொடவே இல்லீங்க டீச்சர்"ன்னார். "ஒரு பிழையும் காட்டலீங்க."

டீச்சர் புதுசா ஒரு எக்ஸெல் கோப்பு உண்டாக்கினாங்க. ஒரு கட்டத்துல பேரு, அதுல ஒரு குறிப்பு. கோப்போட பேருக்குக் கடைசியில ஜிப்புன்னு மாத்தித் தொறந்தாங்க. உள்ள குட்டிக் குட்டியா ஏழெட்டுக் கோப்பு. ஒரே பொருள்னு நான் இத்தனை நாள் நெனச்சது ஒரு மூட்டை.

"கட்டமெல்லாம் இதுல இருக்கு. குறிப்பு தனியா இதுல"ன்னு காட்டினாங்க. அப்புறம் எங்க கோப்பை அதே மாதிரி தொறந்தாங்க. குறிப்பு இருக்க வேண்டிய கோப்பு அதுல இல்லவே இல்லை.

"உங்க புரோகிராம் எதைப் படிச்சுது?"

"கட்டங்களைங்க."

"எதை எழுதிச்சு?"

"படிச்சதைங்க. புதுசா ஒரு கோப்பு உண்டாக்கி, அதே பேருல…"  டீச்சரைத் திரும்பிப் பாத்துக் கேட்டார். "எத்தனை கேள்வி கேட்டுதுங்க அந்தக் கம்பைலர். இதை மட்டும் ஏங்க கேக்கலை?"

"அதுக்கு ரோஸ்லின் சிஸ்டரைத் தெரியாது"ன்னாங்க டீச்சர்.

அண்ணன் அழுதார். மில்லுல மெஷின் பட்டையில கை மாட்டினப்பகூட அழாத ஆளுன்னு அவங்க வீட்டம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கும் தாங்கலை. மேலயே போடச் சொன்னது நான்தானேன்னு சொன்னேன். 

நாங்க கேட்டிருந்தோம்னு வியாழக்கிழமை காலையில சிஸ்டரோட வீட்டுக்காரர் அவங்க பழைய லேப்டாப்பைக் கொண்டாந்து கொடுத்தார். பொங்கலுக்கு முந்தின கோப்பு ஒண்ணு அதுல இருந்துது. குறிப்பு அத்தனையும் அப்படியே இருந்துது. அண்ணன் பழையபடி உக்காந்தார். இந்தத் தடவை புதுக் கோப்பே உண்டாக்கலை. அந்தப் பழைய கோப்போட மூட்டையைப் பிரிச்சு, தேதிக் கட்டத்தை மட்டும் மாத்தி, மத்தது எதையும் தொடாமத் திருப்பிக் கட்டற மாதிரி எழுதினார். ஓட்டினார். செவப்பு மூலையெல்லாம் வந்துது. ஒவ்வொரு குறிப்பையும் மவுஸை வெச்சுத் தொறந்து பாத்துக்கிட்டே கீழ வந்தார்.

அறுபத்தொண்ணுல நின்னுட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சேன்.

"பொண்ணுக்குச் சொல்லாதேம்பார். அதைக் கேக்காதே. ஊசி போட்ட மயக்கத்துல அவ பேரைத்தான் சொல்றார். முடியப்போகுதுன்னு தெரிஞ்சா உடனே கூப்பிடு. வருவா, எங்கிட்டச் சொல்லியிருக்கா. தேன்மொழி." கீழ நம்பர்.



"டீச்சர்"ன்னார் அண்ணன். "மத்ததெல்லாம் ஒழுங்காயிருச்சுங்க. இந்த ஒண்ணை என்னங்க பண்றது? ஆளே போயாச்சு. இனி இது யாருக்குங்க? அழிச்சுரட்டுங்களா?"

டீச்சர் குனிஞ்சு படிச்சாங்க. ஆபீஸ் போனை எடுத்தாங்க. திரையைப் பாத்து நம்பரை ஒவ்வொண்ணா அமுத்தி, ஸ்பீக்கர்ல போட்டு அண்ணன் முன்னால வெச்சாங்க.

மணி அடிச்சுது. அவர் வேண்டாமுங்கன்னு கையை ஆட்டினார். டீச்சர் போனைக் கட் பண்ணலை.

"ஹலோ, யாருங்க?" பொம்பளைக் குரல். பின்னால ஒரு கொழந்தை எதுக்கோ அடம் பிடிச்சுக்கிட்டு இருந்துது.

அண்ணன் டீச்சரைத்தான் பாத்தார். "நான் என்னன்னுங்க சொல்றது?"

"ஹலோ? யாருங்க பேசறது?"

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பி வெச்சாங்க.

"மொதல்ல சிஸ்டர் எழுதினதைப் படிங்க. அப்புறம் நாம செஞ்சதைச் சொல்லுங்க."