முட்டு பிரிக்கும் நாள்

"மேடம், நானும் மூணு மாசமா பாக்கறேன். பதிவேடு எப்படி எழுதணும், சாரத்துல ஏற யாரைக் கேக்கணும், கம்பி வந்தா எங்க அடுக்கணும், இதையே சொல்லிக்கிட்டிருக்கீங்க. இந்தக் கட்டுமான மேலாண்மையை எப்பதான் சொல்லித் தருவீங்க?"

கேட்டவர் சவரிமுத்து மேஸ்திரி. வயது நாற்பத்தொன்பது. அவர் நின்று தளம் போட்ட வீடுகள் மட்டும் நாற்பதுக்கு மேல் தேறும்.

கேள்வியை வாங்கிக்கொண்டவர் பூங்கோதை மேடம். சமுதாயக் கல்லூரியில் கட்டுமான மேலாண்மைப் படிப்புக்கு இருந்த ஒரே ஆசிரியர். வயது முப்பது. மேஸ்திரி முதன்முதலாகக் கொத்துக்கரண்டி பிடித்தபோது மேடம் பிறக்கவேயில்லை. இதை மேஸ்திரி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் பெஞ்சில் உட்காரும் தோரணையே அதைச் சொல்லும்.

மேடம் கையிலிருந்த பதிவேட்டை மூடினார்.

"கான்கிரீட் கியூப் நிரப்பத் தெரியுமா மேஸ்திரி?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கையாள் வேலை மேடம்."

"வியாழக்கிழமை நம்ம சைக்கிள் கொட்டகைக்கு மேல்தளம் போடறோம். கியூப் நீங்க நிரப்புங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மேஸ்திரி பொறுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வழியில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இனி சாரம் ஏறினால் இறங்குவது ஆள் இல்லை, விபத்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சான்றிதழோடு வந்தால் சூப்பர்வைசர் வேலை தருவதாகக் காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசி வரைக்கும்தான் அந்த வாக்கு. அதற்குமேல் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

வியாழக்கிழமை வந்தது. கலவை இயந்திரம் ஓடியது. மாணவர்கள் பாண்டுச் சட்டியில் கலவை சுமந்தார்கள்.

வெயில் ஏற ஏற அவர்களுக்குக் கை ஓய்ந்தது. கலவை இளகி ஓடினால் பரப்புவது சுலபம். யாரோ ஒருவன் ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினான். அடுத்தவன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாளி ஊற்றினான். மேடம் தளத்தின் மறுமுனையில் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்தார். சொந்த வேலையென்றால் வாளியோடு ஆளையும் தூக்கி எறிந்திருப்பார். இன்றைக்கு நமக்குச் சொன்ன வேலை கியூப் என்று வாயை மூடிக்கொண்டார். கோபம் இன்னும் தீரவில்லை.

கியூப் என்பது பெரிய விஷயமில்லை. தளத்துக்குப் போகிற அதே கலவையை ஒரு இரும்புப் பெட்டியில் குத்தி நிரப்ப வேண்டும். காய்ந்த கட்டியை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். கட்டி எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு தளமும் தாங்கும் என்று கணக்கு.

மேஸ்திரி தன் பங்குக் கலவையைத் தனியே ஒரு பாண்டில் அள்ளினார். மோர் மாதிரி ஓடியது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டையிலிருந்து மூன்று பிடி சிமென்ட் எடுத்துப் போட்டுப் பிசைந்தார்.

மனசு உறுத்தவில்லை. ஏன் உறுத்த வேண்டும்? அவர் வேலை பார்த்த எல்லா இடத்திலும் கியூபுக்கு அப்படித்தான். சமையலில் உப்புப் போடுவது மாதிரி கை தானாகப் போகும்.

இருபத்தெட்டாம் நாள் கியூபை நசுக்கினார்கள். முள் ஏறிக்கொண்டே போனது.

"முப்பத்தெட்டு!" என்று கத்தினான் ஒரு மாணவன்.

இருபது வந்தாலே போதும் என்ற கலவை அது. வகுப்பு கைதட்டியது. மேஸ்திரியின் கைராசி என்றார்கள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

மேடம் எண்ணைப் பதிவேட்டில் எழுதினார். "ரொம்ப நல்லா வந்திருக்கு மேஸ்திரி. நாளைக்குத் தளத்துக்கு முட்டு பிரிக்கிறோம். நீங்கதான் சூப்பர்வைசர். பிரிக்கலாம்னு கையெழுத்துப் போட வேண்டியது நீங்க. பிராக்டிகல் மார்க்கும் அதுக்குத்தான்."

அன்று வீட்டில் சேதி சொன்னதும், முழங்கால் தைலத்தை மூடி அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டாள் அவர் மனைவி. சூப்பர்வைசருக்குக் கால் வலிக்காது என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ!

மறுநாள் காலை பத்து மணி. தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளில் கயிறு கட்டியிருந்தது. வெளியே நின்றுதான் இழுக்க வேண்டும், ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று மேடம் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சொன்னவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் விடைத்தாள் கட்டு. நேராகத் தளத்துக்குக் கீழே போய் நடுவில் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு இழுக்கச் சொல்லுங்க மேஸ்திரி."

மேஸ்திரி பதிவேட்டைக் கையில் வைத்தபடி நின்றார்.

"வெளியில வந்துருங்க மேடம். பலகை கிலகை விழும்."

"ஹெல்மெட் போட்டிருக்கேன்."

"வேப்பமரத்தடியில உக்காரலாமே. நல்லாக் காத்து வரும்."

"இங்கயும் காத்து வருது."

"இன்னும் ஒரு வாரம் போகட்டுமே?"

"எதுக்கு? கியூப்தான் முப்பத்தெட்டு வந்திருக்கே."

மேடம் தலை நிமிரவில்லை. முதல் விடைத்தாளைத் திருத்தத் தொடங்கிவிட்டார்.

மேஸ்திரி பேனாவைத் தாளில் வைத்தார். எடுத்தார். கையெழுத்துப் போட்டால் வேலை. சாரம் ஏற வேண்டாம். ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டியதுதான்.

"மேஸ்திரி, இழுக்கவா?" என்றான் கயிற்றைப் பிடித்திருந்த மாணவன்.

"கயித்துல கைய வச்சே, தொலைச்சுப்புடுவேன்!"

அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. மாணவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்றான்.

மேஸ்திரி தளத்துக்குக் கீழே போனார். நாற்காலிக்கு எதிரே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"கியூப்ல நான் சிமென்ட்டு சேத்தேன் மேடம்."

"எத்தனை பிடி?"

என்ன என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் மேஸ்திரிக்கு வலித்தது.

"மூணு."

"தளத்துக்கு?"

"தளத்துக்குத் தண்ணிதான் சேந்துச்சு. பாத்துக்கிட்டுச் சும்மா நின்னேன்."

மேடம் அவர் கையிலிருந்த பதிவேட்டைச் சுட்டிக்காட்டினார். மேஸ்திரி எழுத்தெழுத்தாக எழுதினார்: இந்த கியூப் இந்தத் தளத்தின் கலவை இல்லை. முட்டு பிரிக்கக் கூடாது. சவரிமுத்து.

மேடம் வாசித்தார். பிறகுதான் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேஸ்திரியும் பின்னாலேயே வந்தார்.

"மார்க்கு?"

"இந்த பிராக்டிகலுக்கு மார்க் கிடையாது மேஸ்திரி. அடுத்தது ஆடியிலதான்."

ஆடி வரை காண்ட்ராக்டர் காத்திருக்க மாட்டார். மேஸ்திரிக்கு அது நன்றாகவே தெரியும். கண் கலங்கிவிட்டது. மாணவர்கள் பார்க்கிறார்களே என்றும் அவர் மறைக்கவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். முப்பத்தெட்டுனு வந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே உள்ள போய் உக்காந்தீங்களே. நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"உக்காந்துதான் இருந்திருப்பேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அது விழுந்திருந்தா?"

மேடம் விடைத்தாள்களை ஒன்றாக அடுக்கினார்.

"நீங்க தளம் போட்ட நாப்பது வீட்டுலயும் அப்படித்தானே மேஸ்திரி உக்காந்திருக்காங்க?"