தெபால்தோவின் மத்தியான வகுப்பு

முன்னொரு காலத்தில் (எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கதை ஓடாது) இத்தாலி தேசத்தில் வல்செரீனா என்றொரு மலை நகரம் இருந்தது. அங்கே தெபால்தோ என்றொரு கணித வாத்தியார் இருந்தார். மூக்கு நீளம். கோபம் அதைவிட நீளம். ஆனால் கணக்கில் புலி.

அந்த நாட்டில் அப்போது ஒரு வழக்கம். கணக்குப் படித்தவர்கள் விடையைச் சொல்வார்கள், வழியைச் சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போனவர்கள் உண்டு.

காரணம் இருந்தது. எவனும் எந்த வாத்தியாரையும் கோயில் திடலில் போட்டிக்கு அழைக்கலாம். மூன்று கணக்கு. தோற்றால் வாத்தியார் வேலை போகும், வேலையோடு வந்த வீடு போகும், பொழுது சாய்வதற்குள் ஊரையும் விட்டுப் போக வேண்டும். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

தெபால்தோ திறந்தார். கதவையும் திறந்தே வைத்தார். காலையில் அவர் பேசுவார், மாணவர்கள் கேட்பார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் பேசுவார்கள், அவர் கேட்டாக வேண்டும். காலை வகுப்பு அவருக்குப் பிடிக்கும். மத்தியான வகுப்பு அறவே பிடிக்காது. இருந்தும் அதை நிறுத்தியதில்லை.

பக்கத்து ஊரில் ருஜ்ஜேரோ என்றொரு கணக்குக்காரர். அவருக்கு தெபால்தோவின் வேலை மேல் ஒரு கண். முக்காடு போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் நாள் வந்தார். இரண்டாம் நாள் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். முக்காடு முகத்தை மறைக்கும், தொப்பையை மறைக்குமா? எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

மாணவர்கள் பதறினார்கள். அவர்களில் லவீனியா என்பவள் ஊர் நீதிபதியின் தங்கை. வாய் கொஞ்சம் அதிகம். போட்டிக்குத்தான் இந்த ஆள் வேவு பார்க்கிறார், கொஞ்ச நாள் கதவைப் பூட்டுங்கள் என்றாள்.

"பூட்டினால் நீ எப்படியம்மா உள்ளே வருவாய்? உட்கார்" என்றார் தெபால்தோ.

அந்த மூன்றாம் நாள் காலையில் அவர் புதிதாக ஒரு வழி சொன்னார். நாலு பக்கம் உள்ள எந்த நிலத்தையும் அளக்கச் சுருக்குவழி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு. அதுபோல மற்ற இரண்டையும் செய். இரண்டு விடையையும் பெருக்கு. முடிந்தது. அவரே கண்டுபிடித்தது. சொல்லும்போது அவர் மூக்கு இன்னும் கொஞ்சம் நீண்டது.

ருஜ்ஜேரோ அதை மனத்தில் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல மத்தியான மணி அடித்ததும் எழுந்து போனார். வாத்தியார் பேச்சுக்கு வந்தவர் அவர். மாணவர்களின் வெட்டிப் பேச்சுக்கு ஏன் உட்கார வேண்டும்?

சாப்பாடு முடிந்தது. லவீனியா தன் பூத்தையல் சட்டத்தை மடியில் வைத்திருந்தாள். நாலு பக்கமும் ஒரே நீளம். மூலைகள் கழன்று ஆடின. அதைத் தூக்கிப் பிடித்து, இது ஒரு நிலம் என்று வைத்துக்கொள்வோம் என்றாள். வைத்துக்கொண்டார்கள். பிறகு சட்டத்தை ஒரு பக்கமாக அழுத்தினாள். அது சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. கடைசியில் குச்சிக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது.

"நாலு பக்கமும் அப்படியேதான் இருக்கிறது ஐயா. உங்கள் வழிப்படி நிலமும் அதே அளவு. இதில் எந்த ஆடு மேயும்?"

வகுப்பு சிரித்தது. தெபால்தோ சிரிக்கவில்லை. நிலத்தை எவன் இப்படி அமுக்குவான் என்று கத்தினார். சட்டம் மட்டம் என்றார். நீதிபதி தங்கைக்கு நாக்கு நீளம் என்றார். வெளியே போய்க் கிணற்றை மூன்று சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்தார்.

"என் வழி தப்பு. அழித்துவிடுங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு, இரண்டு முக்கோணமாக்கி அளக்க வேண்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அதற்கு மேல் யாரும் அவரைச் சீண்டவில்லை.

சில நாளில் ருஜ்ஜேரோவின் அழைப்பு வந்தது. திடலில் ஊரே கூடியது. முதல் கணக்கு, இருவரும் சரி. இரண்டாவது கணக்கு, இருவரும் சரி. மூன்றாவதை நகரத் தலைவர் சொன்னார். ஆற்றங்கரையில் மூலைகள் சாய்ந்த ஒரு நிலம். நாலு பக்கமும் பதின்மூன்று கயிறு நீளம். பரப்பு என்ன?

தலைவர் இன்னும் வாயை மூடவில்லை. "நூற்றறுபத்தொன்பது" என்றார் ருஜ்ஜேரோ.

தெபால்தோ தாடியைச் சொறிந்தார். மூலைக்கு மூலை நீளவாட்டில் எவ்வளவு என்று கேட்டார். கூட்டம் முணுமுணுத்தது. வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்றார்கள். இருபத்து நாலு கயிறு என்றார் தலைவர்.

"அப்படியானால் நூற்றிருபது."

ருஜ்ஜேரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொந்தப் பாடமே மறந்துபோச்சா வாத்தியாரே? எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கச் சொன்னது யார்? நீர்தானே. என் காதால் கேட்டேன்."

ஆமாம் என்றால் தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். இல்லை என்றால் பொய்யர். இல்லை என்று சொல்லியிருக்கலாம். முக்காடு போட்டு வந்தவனின் சாட்சி எடுபடாது. அது தெபால்தோவுக்குத் தெரியும். ஆமாம் என்றால் வீடு போகலாம், வேலை போகலாம் என்பதும் தெரியும்.

"நான்தான் சொன்னேன். காலையில் சொன்னேன். மத்தியானம் தப்பென்று காட்டினார்கள், மாற்றிக்கொண்டேன். நீர் அப்போது எங்கே போயிருந்தீர்?"

சாப்பிடப் போயிருந்தார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

தலைவர் சந்தேகக்காரர். திடலின் தரையில் சதுரக் கல் பதித்திருந்தது. ஒரு கயிற்றுக்கு ஒரு கல் என்று வைத்து, அந்த நிலத்தைச் சுண்ணாம்பால் அங்கேயே வரையச் சொன்னார். ஊரே குனிந்து கல்லை எண்ணியது. வெட்டுப்பட்ட துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணியது. சண்டை போட்டுக்கொண்டு எண்ணியது. நூற்றிருபது.

ருஜ்ஜேரோ முகம் தொங்கிப்போய் வண்டியில் ஏறப் போனார். தெபால்தோ அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"போட்டி முடிந்தது. நாளைக்கு வாரும். முக்காடு வேண்டாம், புழுங்கும்."

அவர் வந்தார். வந்ததோடு நிற்காமல், தெபால்தோ அப்போது சொல்லிக்கொண்டிருந்த கணக்கில் ஒரு ஓட்டையையும் பிடித்தார். வாத்தியாருக்குக் கோபம் வந்தது. பாவம், அவரும் என்ன செய்வார்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அறிவைப் பூட்டி வைத்தால் அதிலுள்ள தப்பும் பத்திரமாக இருக்கும், நாலு பேரிடம் சொல்லிக் கேள்வியும் கேட்க விட்டால்தான் அது திருந்தும்.